பழகிப் போகுமா?

(அருப்புக்கோட்டை - திருச்சுழி ரோட்டுப் பக்கத்திலுள்ள ஒரு கிராமத்தில், கண்மாய்க் கரையில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது.)



இன்று நான் பேசப்போகும் விஷயத்தைக் கேட்டதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். கண்மாயில் தண்ணீர் இல்லை, கரிசல் வெடித்துக் கிடக்கிறது, இந்த லட்சணத்தில் இவன் உக்ரேன் தேசத்து அணு உலையில் முளைத்த பூசணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நினைப்பீர்கள். நினைப்பது நியாயந்தான். ஆனால் இதைப் பேசும்படி செய்தவர்கள் இந்த ஊர்க்காரர்களே ஆவார்கள்.

சென்ற மாதம் அருப்புக்கோட்டையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பத்திரிகையில், செர்னோபில் என்கிற இடத்தில் வெடித்துப்போன அணு உலைக்குள் கறுப்புப் பூசணம் செழித்து வளருகிறதென்றும், சுற்றிலும் ஓநாய்கள் பெருகிவிட்டன என்றும் ஒரு சேதி வந்திருந்தது. அதைப் படித்த பெரியவர் ஒருவர், "பார்த்தீர்களா, பகவான் விஷத்தைப் படைக்கும்போதே அதைத் தின்கிறதையும் படைத்துவிடுகிறான்" என்றார். பக்கத்தில் காலேஜில் படித்த வாலிபர் ஒருவர் இருந்தார். அவர் பகவானை நம்புகிறவர் அல்ல. அவரோ, "அதெல்லாம் ஒன்றுமில்லை ஐயா, எதுவும் போகப்போகப் பழகிப்போகும். பூசணத்துக்குப் பழகினது மனிதனுக்குப் பழகாதா? அணு உலை, கதிரியக்கம் என்று சும்மா பயமுறுத்துகிறார்கள்" என்றார். பெரியவர் சொன்னதற்கு நாம் நூறு தடவை பதில் சொல்லியாகிவிட்டது. எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது வாலிபர் சொன்ன பதில்தான். ஏனென்றால் "பழகிப்போகும்" என்பது தலைவிதி என்பதற்குச் சட்டை மாட்டிவிட்ட பேச்சாகவே எனக்குப் பட்டது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். குழித்தறியில் உட்கார்ந்துகொண்டே படித்த படிப்புத்தான் என் படிப்பு. ஆதலால் தறியைக் கொண்டே சொல்லுகிறேன். ஒவ்வொரு ஜீவனுடைய உடம்பிலும், கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு அணுவறைக்குள்ளும் ஒரு நூல் இருக்கிறது. அதற்கு டி.என்.ஏ. என்று பெயர். கை எப்படியிருக்க வேண்டும், தோல் என்ன நிறம், இரத்தம் எப்படி ஊற வேண்டும் என்கிற சங்கதியெல்லாம் அந்த நூலில் எழுத்தாக இருக்கின்றன. கதிரியக்கம் என்பது யுரேனியம், தோரியம் போன்ற வஸ்துக்கள் தாமாகவே சிதைந்துகொண்டிருக்கும்போது வீசுகிற சக்தி. அது உடம்பில் பாய்ந்தால் அந்த நூலை அறுக்கிறது. நேராகவும் அறுக்கும்; உடம்பிலுள்ள தண்ணீரைச் சிதைத்து அதிலிருந்து வருகிற காரமான துகள்களைக் கொண்டும் அறுக்கும். ஒரு இழை அறுந்தால் நாம் முடிச்சுப் போடுகிறோமல்லவா, அதுபோல் உடம்பும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பாவு முழுவதும் ஒரே சமயத்தில் அறுந்தால் தறி நின்றுவிடும், அதுதான் சாவு. சில சமயம் முடிச்சை இடம் மாற்றிப் போட்டுவிட்டால் துணியில் கோளாறு விழும். அது புற்றுநோயாகவும் வரலாம், பிறக்கும் சந்ததியில் மாறுதலாகவும் வரலாம். எக்ஸ்ரே கதிர் பட்ட ஈக்களின் சந்ததியில் இப்படி மாறுதல் உண்டாகிறது என்று 1927-ல் ஹெர்மன் முல்லர் என்ற அமெரிக்கர் காட்டினார். அதற்காக 1946-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கதிரை அளக்க "கிரே" என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். உடம்பு முழுவதும் ஒரே மூச்சில் நாலைந்து கிரே பட்டு, வைத்தியமும் இல்லாவிட்டால், பட்டவர்களில் பாதிப்பேர் செத்துப்போவார்கள். இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1956-ல் அமெரிக்காவில் ஆரெகன் என்ற மாகாணத்தில் டப்பாவில் அடைத்த இறைச்சி கெடாமலிருக்க அதன்மேல் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். அதில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்பது எண்ணம். ஆனாலும் இறைச்சி கெட்டுப்போயிற்று. ஆர்தர் ஆண்டர்சன் என்பவர் அதைச் சோதித்து, டைனோகாக்கஸ் என்கிற கிருமியைக் கண்டுபிடித்தார். மனிதனை 5 கிரே கொல்லுமென்றால் இந்தக் கிருமி 5000 கிரேயைத் தாங்குகிறது. அதனுடைய நூல் நூற்றுக்கணக்கான துண்டுகளாக அறுந்துபோனாலும் சில மணி நேரத்தில் எல்லாத் துண்டுகளையும் ஒழுங்காகப் பிணைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறது. எந்த நெசவாளியாலும் முடியாத பாவு பிணைப்பு!

இங்கேதான் நம் பெரியவர் பேச்சை யோசிக்க வேண்டும். பூமியில் இயற்கையாக எந்த இடத்திலும் 5000 கிரே கதிர் ஒரே மூச்சில் பாய்வதில்லை. அப்படியானால் தேவையில்லாத இந்தச் சாமர்த்தியம் அந்தக் கிருமிக்கு எதற்காக வந்தது? 1956-ல் மனிதன் இறைச்சி டப்பாவில் கதிர் பாய்ச்சப் போகிறான் என்று பகவான் கோடி வருஷத்துக்கு முன்னமே தெரிந்து, மனிதனை விட்டுவிட்டுக் கிருமிக்கு மாத்திரம் கவசம் கட்டினாரா? இதற்கு விடை 1996-ல் கிடைத்தது. மேட்டிமோர், பட்டிஸ்டா என்ற இருவர், கதிரைத் தாங்க முடியாதபடி பழுதான டைனோகாக்கஸ் கிருமிகளை எடுத்து உலர்த்திப் பார்த்தார்கள். கதிரைத் தாங்காதது வறட்சியையும் தாங்கவில்லை. சங்கதி இதுதான்: தண்ணீர் வற்றினாலும் அந்த நூல் அறுகிறது. காய்ந்து காய்ந்து மறுபடி ஈரம் கண்டு பிழைக்கிற கிருமிகளிலே, அறுந்த நூலை நன்றாகப் பிணைக்கத் தெரிந்தவை மிஞ்சின. அந்தத் திறமை கதிருக்கும் உதவிற்று, அவ்வளவே. 2005-ல் அமெரிக்காவின் சொனோரா பாலைவன மண்ணையும் லூசியானாவின் ஈரக்காட்டு மண்ணையும் எடுத்துச் சோதித்தபோது, கதிர் தாங்கும் கிருமிகள் பாலைவன மண்ணில்தான் ஏராளமாகக் கிடைத்தன. டைனோகாக்கஸ் இனத்திலேயே 9 புது வகை அகப்பட்டன.

தோழர்களே! மழைக்காகக் கொடும்பாவி கட்டி இழுத்து, கழுதைக்குக் கல்யாணம் செய்து பார்க்கிற சீமை நம்முடையது. நாம் கழுதைக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கையில், வறட்சி என்ன செய்கிறது, உயிர் அதை எப்படித் தாங்குகிறது என்பதை ஒரு இறைச்சி டப்பாவிலிருந்து பிடித்துக்கொண்டு போய்க் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

நிற்க, "பழகுவது" என்கிற விஷயத்துக்கு வருகிறேன். பருத்தி போட்டவர்கள் இங்கே அநேகர் இருக்கிறீர்கள். காய்ப்புழுவுக்கு முதல் வருஷம் மருந்தடித்தால் சொத்துச் சொத்தென்று விழும். நாலைந்து வருஷம் கழித்து அதே மருந்தை அடித்தால் குளித்துவிட்டுப் போகும். "புழு மருந்துக்குப் பழகிவிட்டது" என்கிறோம். 2002-ல் நம் நாட்டில் பி.டி. பருத்தி வந்தபோது இனிக் காய்ப்புழுவே இல்லை என்றார்கள். 2010-ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதைத் தின்று பிழைக்கிறதென்று தெரிந்துவிட்டது. ஆனால் மருந்தைக் குடித்த ஒரு புழுவாவது பழகிற்றா? இல்லை. லட்சம் புழுக்களில் பிறவியிலேயே ஏதோ கோளாறால் மருந்து ஏறாத பத்துப் புழு இருந்தது. மற்றதெல்லாம் செத்தது. அந்தப் பத்தும் குட்டிபோட்டுப் பெருகிற்று. செத்த புழுக்கள் கணக்கில் வரவில்லை. உயிரோடிருப்பதை மட்டும் பார்த்துப் "பழகிவிட்டது" என்கிறோம்.

இந்தக் கண்ணோடு செர்னோபிலைப் பாருங்கள். 1986-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி அங்கே 4-வது உலை வெடித்தது. அந்த வருஷமே சுமார் 1,16,000 பேரை ஊரைவிட்டு அப்புறப்படுத்தினார்கள். பக்கத்திலிருந்த பைன் மரக்காடு நின்ற இடத்திலேயே கருகிச் சிவந்து செத்தது. செங்காடு என்றே பெயராகிவிட்டது. அதற்கு மத்தியிலிருந்த பிர்ச் மரங்கள் அவ்வளவாகச் சாகவில்லை. ஒரே மண், ஒரே கதிர்; பைனுக்குத் தாங்கவில்லை, பிர்ச்சுக்குத் தாங்கிற்று.

பூசணத்தின் கதைதான் எல்லாவற்றிலும் ரசமானது. கீவ் நகரத்து ஆராய்ச்சிக்காரரான நெல்லி ஷ்தானோவா என்ற அம்மையார் தம் கூட்டத்தாருடன் 1990-களில் அந்த உடைந்த உலையின் கூடாரத்துக்குள்ளிருந்து மாதிரிகள் எடுத்துப் பார்த்தார். 37 வகைப் பூசணங்கள் இருந்தன. அதில் கறுப்பு நிறமானவை மிகுதி. சில பூசணங்கள் செடி வெளிச்சத்துக்கு வளைவதுபோல் கதிர் வரும் திசை நோக்கி இழையை நீட்டின. கறுப்புக்குக் காரணம் மெலனின் என்கிற சாயம். நம் தோலிலும் மயிரிலும் இருப்பது இந்த வகைச் சாயமே. 2007-ல் நியூயார்க்கில் தடச்சோவா, கசடெவால் என்ற அறிஞர்கள், சாதாரணமாகச் சுற்றுப்புறத்தில் இருப்பதைப்போல் சுமார் 500 மடங்கு கதிரில் கறுப்புப் பூசணங்களை வளர்த்தபோது அவை வேகமாக வளர்ந்தன என்றும், கதிர் பட்ட மெலனினின் மின்குணம் மாறுகிறதென்றும் எழுதினார்கள். இலைப்பச்சை வெயிலைச் சாப்பிடுவதுபோல் இது கதிரைச் சாப்பிடுகிறதோ என்று ஒரு யூகம் பிறந்தது. யூகம் என்றுதான் அவர்களே சொல்லுகிறார்கள்; கதிரிலிருந்து பூசணம் சாப்பாடு செய்துகொள்வதை இன்னும் ஒருவரும் நிரூபிக்கவில்லை. "பூசணம் கதிரைத் தின்கிறது" என்று பத்திரிகையில் போட்டவர்கள் அந்த "தோ"வை விழுங்கிவிட்டார்கள்.

கறுப்பு என்றால் அமங்கலம், கறுப்புப் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று பேசுகிற தேசத்தில் ஒரு பூசணமாவது கறுப்பின் மானத்தைக் காப்பாற்றிற்றே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனால் அதற்காக, நாம் கறுப்பர்கள், நமக்கு அணுக்கதிர் ஏறாது என்று எவரும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நம் தோலின் கறுப்பு வெயிலின் ஊதா கடந்த கதிருக்குத்தான் குடை. உடம்பைத் துளைத்துக்கொண்டு போகும் காமாக் கதிருக்கு அது குடையாகாது.

தவளைக்கு வருவோம். அங்கே ஒரு மரத்தவளை உண்டு, முதுகு கிளிப்பச்சை. பப்லோ புராக்கோ, ஜெர்மன் ஒரிஸாவோலா என்ற இருவர் 12 குட்டைகளிலிருந்து இருநூற்றுக்கு மேற்பட்ட ஆண் தவளைகளைப் பிடித்துப் பார்த்து 2022-ல் வெளியிட்டார்கள். விலக்கப்பட்ட வட்டத்துக்குள் இருந்த தவளைகள் வெளியிலிருந்தவற்றைவிடக் கறுத்திருந்தன. சில முழுக் கறுப்பு. விசேஷம் என்னவென்றால், அந்தக் கறுப்பு இன்றைக்கு இருக்கும் கதிருக்குத் தக்கபடி இல்லை. வெடித்த காலத்தில் எங்கே கதிர் அதிகமோ அங்கே அதிகமாயிருந்தது. அதாவது 1986-ல் பச்சைத் தவளைகள் அதிகம் செத்து, எப்போதோ ஒன்றாகப் பிறக்கும் கறுப்புத் தவளைகள் மிஞ்சிப் பெருகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் அபிப்பிராயம். பிறகு பத்துப் பதினைந்து தலைமுறை ஓடியிருக்கிறது. நம் காய்ப்புழுக் கதைதானே இது?

பறவைகள் ஒரே பதில் சொல்லவில்லை. 2014-ல் வெளியான ஒரு ஆராய்ச்சியில் 16 ஜாதிப் பறவைகளில் 152-ஐப் பிடித்து இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பலவற்றில், கதிர் அதிகமான இடத்தில் குளுட்டதையோன் என்கிற காப்பு வஸ்து அதிகமாகவும் டி.என்.ஏ. சேதம் குறைவாகவும் இருந்தது. ஆனால் சில ஜாதிகளுக்கு, முக்கியமாகச் சிவப்பு, மஞ்சள் கலந்த சாயத்தை உடம்பில் அதிகம் செய்கிற பறவைகளுக்கு, நிலைமை மோசமாயிருந்தது. அந்தச் சாயத்தைச் செய்யவே அந்தக் காப்பு வஸ்து செலவாகிவிடுகிறதாம். தகைவிலான் குருவிகளில் வெள்ளை இறகு முளைத்த குருவிகள் அங்கே அதிகமென்று வேறு ஆராய்ச்சிக்காரர்கள் கண்டார்கள். அவர்களுக்குள்ளேயே பெரிய வாதம் நடந்துகொண்டிருக்கிறது. நடக்கட்டும், வாதம் நடக்கிற இடத்தில்தான் உண்மைக்கு வழி.

ஓநாய் பெருகினது நிஜம். 2015-ல் வந்த கணக்குப்படி பெலாரஸ் பக்கத்து விலக்கப்பட்ட வட்டத்தில் கடமானும் காட்டுப்பன்றியும் கதிரில்லாத சரணாலயங்களில் இருக்கிற அளவு இருந்தன. ஓநாய் மாத்திரம் 7 மடங்கு. ஏன்? கதிர் ஓநாய்க்கு லேகியம் என்பதாலா? துப்பாக்கியும் கோடாரியும் ஏரும் அங்கிருந்து போய்விட்டன, அதனால்தான். கதிரைவிட மனிதன் அந்த மிருகங்களுக்குப் பெரிய தொல்லையாயிருந்தான் என்று இதற்குப் பொருளே தவிர, கதிர் நல்லது என்று பொருளல்ல. அங்கே எத்தனை ஓநாய் இருக்கிறது என்று எண்ணினார்கள். ஒவ்வொரு ஓநாயும் எத்தனை நாள் வாழ்ந்தது, எதனால் செத்தது என்பது வேறு கணக்கு.

இதெல்லாம் வெகு தூரத்துச் சங்கதி என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் ஜில்லாவிலிருந்து ஒரு பகல் பஸ்ஸில் போனால் மணவாளக்குறிச்சிக் கடற்கரை வந்துவிடும். அந்த மணல் கறுப்பும் சிவப்புமாய் மினுக்கும். மலைப்பாறையிலிருந்து ஆறு அடித்துவந்து கடல் அலை புடைத்துக் குவித்த மணல். அதில் மானசைட் என்கிற மஞ்சள் துகளும் இருக்கிறது, அதற்குள்ளே தோரியம். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலிலிருந்து அதைக் கண்டுபிடித்து வந்து ஆலை வைத்தார். அந்தக் காலத்து காஸ் லைட்டு மாண்டிலுக்கு அந்தத் தோரியம் வேண்டியிருந்தது. பழைய கூட்டங்களில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பேசியவர்கள் இந்த மணலின் வெளிச்சத்தில்தான் பேசியிருப்பார்கள். பிறகு 1950-ல் ஏற்பட்ட இந்தியன் ரேர் எர்த்ஸ் என்கிற சர்க்கார் கம்பெனி அங்கே மணல் எடுத்துவருகிறது. இதே மணல் கேரளத்தில் சவரா, நீண்டகரை, கருநாகப்பள்ளி வரையில் உண்டு.

அந்தக் கேரளக் கரையில் ஆயிரக்கணக்கான வருஷமாகக் கதிர் வீசும் மண்ணில் எலி வளை தோண்டி வாழுகிறது. 1960-களில் ஹான்ஸ் குரூனெபெர்க் என்ற லண்டன் மரபியல் அறிஞர் தம் கூட்டத்தாருடன் அந்த மணற்பட்டையின் எலிகளையும் வெளியூர் எலிகளையும் பிடித்து எலும்பு, பல்லெல்லாம் அளந்து ஒப்பிட்டார். குறிப்பிடத்தக்க வித்தியாசம் அகப்படவில்லை. மனிதரைப் பற்றியும் 2009-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று. கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரி பத்தரை வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். அங்கே வெளியிடத்துக் கதிர் சில இடங்களில் வருஷத்துக்கு 70 மில்லிகிரே வரை போகிறது. ஆயிரம் மில்லிகிரே ஒரு கிரே. 1379 பேருக்குப் புற்றுநோய் கண்டது. ஆனால் கதிர் அதிகமான வீட்டுக்காரர்களுக்கு நோய் அதிகம் என்று கணக்கில் தெரியவில்லை. இதை நான் மறைக்கப்போவதில்லை. நமக்குச் சாதகமில்லாததை மறைப்பது புரோகிதன் வேலை.

ஆனால் மற்றதையும் மறைக்கக்கூடாது. அதே கரையில் 2002-ல் பீட்டர் ஃபோர்ஸ்டர் முதலியோர் 988 பேருடைய எச்சிலைச் சோதித்தார்கள். தாய்வழி வருகிற டி.என்.ஏ.வில், கதிர் அதிகமான கரைக் குடும்பங்களில் 22 புது மாறுதல்கள். கதிர் குறைந்த இடத்துக் குடும்பங்களில் 1. இதனால் வியாதி வந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. நூல் அங்கே அதிகமாக அறுந்து முடியப்படுகிறது என்பது மட்டும் தெரிகிறது. ஆகவே மணலால் எல்லோரும் சாகிறார்கள் என்கிறவர் பேச்சுக்கும் ஆதாரமில்லை. மணல் ஒன்றுமே செய்யவில்லை என்கிறவர் பேச்சுக்கும் ஆதாரமில்லை. "அவர்களுக்குப் பழகிப்போயிற்று" என்பதற்கும் போதுமான ஆதாரமில்லை. பழகுவதென்றால் நமக்குத் தெரிந்தவரை தாங்காதது செத்துத் தாங்கினது மிஞ்ச வேண்டும். அப்படியானால் எந்தப் பிள்ளை செத்தது என்று கேட்க வேண்டாமா?

நான் அந்தக் கரைக்கு ஒரு தடவை போயிருந்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு தோழர், நான் மணலைக் கையில் அள்ளிப் பார்ப்பதைக் கண்டு பக்கத்தில் வந்தார். "ஒரு படித்தவர் வந்து, உங்களுக்கெல்லாம் இது பழகிப்போயிருக்கும்னு சொல்லுகாங்க அண்ணாச்சி. அப்படின்னா எங்க பிள்ளைகளைப் பார்க்கவே வேண்டாமா?" என்று கேட்டார். என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. சேற்றில் நிற்பவனுக்குச் சேறு பழகிவிட்டது, சாக்கடையில் இறங்குபவனுக்கு நாற்றம் பழகிவிட்டது, சேரியில் இருப்பவனுக்குப் பசி பழகிவிட்டது என்று இந்த நாட்டில் எத்தனை தலைமுறை சொல்லிவந்தார்கள்! யார் யாருக்குச் சொன்னார்கள்? அக்கிரகாரத்தையும் பங்களாவையும் பார்த்து உங்களுக்குப் பழகிப்போகும் என்று ஒருவரும் சொன்னதில்லை. இப்போது அதே வார்த்தையை விஞ்ஞானத்தின் பேரால் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இதைத்தான் டீக்கடை வாலிபருக்குச் சொல்லவேண்டியதாயிருக்கிறது. அவர் கெட்டவரல்ல. பூசணத்தைப் பார்த்தவர் செங்காட்டைப் பார்க்கவில்லை.

2024-ல் கிள்ளியூர்ப் பக்கம் 1144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து அந்த ஜனங்கள் கிளம்பினார்கள். மணலை எடுத்துவிட்டால் கதிர் குறையும் என்கிறார்கள் ஒரு சாரார். தோண்டினால் நோய் பெருகும் என்கிறார்கள் மறு சாரார். எவர் சொல்வதையும் நம்பிக்கையின் பேரில் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு கதிரை அளந்து, தோண்டுமுன் எவ்வளவு, தோண்டிய பின் எவ்வளவு என்று தமிழில் எழுதி ஊர்ச் சாவடியில் ஒட்டட்டும். ஆஸ்பத்திரிக் கணக்கையும் பக்கத்தில் ஒட்டட்டும். கருநாகப்பள்ளியில் எழுபதினாயிரம் பேரை எண்ண முடிந்தபோது இங்கே ஏன் முடியாது?

அளக்காத தேசத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு திருஷ்டாந்தம் சொல்லிவிடுகிறேன். 2020 அக்டோபரில் டில்லியில், சர்க்கார் நியமித்த ராஷ்டிரிய காமதேனு ஆயோகத்தின் தலைவர், பசுஞ்சாணியால் செய்த ஒரு வில்லையைக் காட்டி, இதைச் செல்போனோடு வைத்துக்கொண்டால் கதிர்வீச்சுக் குறையும் என்றார். செல்போன் அலை நூலை அறுக்கிற ஜாதிக் கதிரே அல்ல என்பது ஒருபுறமிருக்கட்டும். நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் சேர்ந்து, எந்தச் சோதனையில் கண்டீர்கள், காட்டுங்கள் என்று கேட்டார்கள். அந்தச் சாணிக்கு இருந்த யோகம் மணவாளக்குறிச்சிக் குழந்தைக்கு இல்லை பாருங்கள். சாணிக்கு ஒரு ஆயோகம், குழந்தைக்குப் பழக்கம்!

மணலில் வேலை செய்பவர்களுக்குச் சட்டைப்பையில் ஒரு சிறு பட்டை மாட்டுகிறார்கள். அவர்கள் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அது பதிந்துகொள்ளும். குறித்த காலத்துக்கு ஒருமுறை அதை எடுத்துக் கணக்குப் பார்ப்பார்கள். சம்பளம் வாங்குகிறவனுக்கு அது உண்டு. அதே மணலில் விளையாடுகிற பிள்ளைக்குக் கிடையாது. அந்த வலைக்காரத் தோழருக்கு, வீடு திரும்பி ஒரு வாரம் கழித்து, இதை ஒரு கடிதமாக எழுதிப் போட்டேன். பார்க்கத்தான் வேண்டும், கேட்டு வாங்கத்தான் வேண்டும் என்று எழுதினேன்.

நேரமாகிவிட்டது. நம் வாலிபத் தோழர்கள் அந்தக் கறுப்புப் பூசணம், செங்காடு, பச்சையும் கறுப்புமான தவளைகள் ஆகியவற்றின் படங்களைத் திரையில் காட்டப்போகிறார்கள். டீக்கடையில் பேசிய வாலிபரும் முன் வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். முதல் கேள்வி அவர் கேட்கட்டும். விளக்கை அணையுங்கள்.